தவக்காலத்தில் பச்சைத் துவையல்

19 பிப்ரவரி 1963, செவ்வாய்
ஒரு வாரமாகத் தொட்டித் தண்ணீரிலிருந்து சாப்பாட்டுக்கென்று நான் வளர்க்கும் பாசியைப் பிரிக்க முடியாமல் தவித்தேன். கண்ணுக்கே தெரியாத நுண்பாசி. மல்துணியில் வடிகட்டினால் பச்சைத் தண்ணீர் அப்படியே இறங்கிவிடுகிறது. மதராஸில் இதற்கென்று மின்சார இயந்திரம் உண்டு. ஆவூரில் சந்தனமேரி அக்கா உண்டு. தொட்டி வேலைக்கு வருகிறவள். "கலங்கத் தண்ணிக்கு என்ன செய்வோம்? தேத்தாங்கொட்டைய ஒரசுவோம்" என்று குடத்துக்குள் உரசிவிட்டுப் போனாள். காலையில் பாசி முழுக்க அடியில், மேலே தெளிந்த நீர். எம்.எஸ்ஸி. படித்த எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்தான்.

22 பிப்ரவரி
வேகவைத்து, காயவைத்து, பொடித்தாயிற்று. பாதிக்குப் பாதி புரதம்! ஆனால் குளத்து வாடை. கறிவேப்பிலை, புளி, மிளகாய், கூடவே பூண்டு வைத்து அக்கா துவையலாக அரைத்தாள். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

25 பிப்ரவரி
மதராஸ் ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து கடிதம். ஏப்ரல் 15 அதிகாரி வருகிறார். பதினைந்து பேராவது முப்பது நாள் விடாமல் சாப்பிட்டிருந்தால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் தொட்டியை மூடிவிட்டு நான் விதைக் கிடங்கு வேலைக்குப் போக வேண்டும். இந்த ஊர்ப் பிள்ளைகளின் குச்சிக் கால்களைப் பார்த்துத்தானே இதையே படித்தேன்? மாட்டேன். போக மாட்டேன்.

28 பிப்ரவரி
நேற்று சாம்பல் புதன். தவக்காலத்தைத் தேர்ந்தெடுத்தது நானேதான். நாற்பது நாளும் ஊரில் யாரும் கறி தொடமாட்டார்கள். உடம்பு தேறினால் அது என் பாசியால்தான் என்று நிரூபிக்கலாம். என்ன மூளை எனக்கு! இருபது பெண்களுக்கு எடை பார்த்து, துவையல் கொடுத்தேன்.

3 மார்ச், ஞாயிறு
பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சின்னப் பிரசங்கம் செய்தேன். "கறி திங்கலையேன்னு கவலைப்படாதீங்க. கறியில இருக்க சத்து அத்தனையும் இந்தத் துவையல்ல இருக்கு!" எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அசந்துபோய்விட்டார்கள்.

4 மார்ச்
யாரும் வரவில்லை.

5 மார்ச்
ஆரோக்கியம்மாள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவள் சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள். "ஏத்தா ஜெபமாலை, கறி வேணாம்னு நேந்துக்கிட்டு இருக்கோம். கறிச்சத்த ஒளிச்சுவச்சுக் குடுக்குறியே, நல்லாருக்கா?"
வாயா இது? யார் பேசச் சொன்னார்கள் என்னை?

9 மார்ச்
பங்குச்சாமியாரிடம் போனேன். "பாசி செடிதானே? தாராளமா சாப்பிடலாம்" என்றார். அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். "ஆனா சாமி, பாசியில நீந்துற சாதியும் உண்டு" என்றேன்.
"ஒன் தொட்டியில இருக்கது நீந்துமா?"
"நீந்தாது, சாமி."
"அப்பறம் ஏம்மா சொல்ற?"

10 மார்ச்
பங்குச்சாமியார் பிரசங்கத்தில் அனுமதி கொடுத்தார். வந்தது மூன்று பேர். "பாவமில்லன்னு சாமி சொல்லிட்டாரு. ஆனா நேந்தது நேந்ததுதான" என்கிறார்கள் மற்றவர்கள்.

15 மார்ச்
நாளை தொடங்கினால்தான் அதிகாரி வருவதற்குள் முப்பது நாள் முடியும். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அக்கா கேட்டாள்:
"அந்தச் சத்து கறியில மட்டுந்தான் இருக்கா?"
"பருப்புல, கடலையில எல்லாத்துலயும் இருக்குக்கா. எல்லாம் புரதந்தான்."
"அடிப்பாவி! பருப்புச்சத்துன்னு சொல்லித் தொலச்சிருக்க வேண்டியதுதான? தவக்காலம் பூரா பருப்புக் கொழம்புதான வைக்கிறோம்!"
குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். குடம் நிறைந்தும் அங்கிருந்த பெண்களோடு பேசிக்கொண்டே வெகுநேரம் திரும்பவில்லை.

16 மார்ச்
பதினாறு பேர்! முதல் நாள். நான் வாயையே திறக்கவில்லை.

2 ஏப்ரல்
பதினெட்டாம் நாள். ஒருத்தி மகள் பிரசவத்துக்கு அரிமளம் போய்விட்டாள். மிச்சம் சரியாகப் பதினைந்து.

14 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு
முப்பதாம் நாள். வீட்டுக்கு வீடு ஆட்டுக்கறி மணக்கிறது. நாற்பது நாள் கழித்துக் கறிச்சோறு சாப்பிடுகிற அன்றைக்கு யார் துவையலுக்கு வருவார்கள்? மதியம் ஒன்பது பேர். நான்கு மணிக்குப் பதினான்கு. ஆரோக்கியம்மாளைக் காணோம். ஐயோ, ஒரே ஒரு ஆள்!
ஐந்தரைக்கு மெதுவாக நடந்து வந்தாள், கையில் கிண்ணம். "வயிறு முட்டிப்போச்சுத்தா. சந்தனமேரி விடமாட்டேங்குறா."
"என்ன சொன்னா?"
"இன்னையிலருந்து அது கறிச்சத்துதானாமுல்ல? சரி, கறியோட கறியாப் போகட்டும்னு வந்தேன்."
கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

15 ஏப்ரல்
பதினைந்தில் பதினோரு பேருக்கு எடை கூடியிருக்கிறது. தவக்காலத்தில்! அதிகாரி மூன்றாம் முறை துவையல் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

12 பிப்ரவரி 1964, சாம்பல் புதன்
இப்போது நான்கு தொட்டிகள். காலையில் கிண்ணத்தோடு நாற்பத்தொரு பேர். புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண் ஒருத்தி, "இதுல என்ன சத்துக்கா இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். நெற்றியில் சாம்பலோடு அக்கா என்னைப் பார்த்தாள்.
"அக்காவைக் கேளு" என்றேன்.