கதவில் ஒட்டிய சக்கரம்

14.5.1979, திங்கள் இரவு

தேர்தலில் நிற்பவர் எங்கள் ஸ்காபரோ மாடிக்கு வாக்குக் கேட்டு வந்தார். கதவில் மனைவி ஒட்டியிருந்த முருகனின் அறுகோணச் சக்கரத்தைக் கண்டதும் யூதரின் நட்சத்திரம் என்றெண்ணி என்னை யூதராக்கிவிட்டார். உங்கள் ஆட்கள் கேட்டபடியே கனடாத் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றுவோம் என்று கைகுலுக்கினார். வாசலுக்கு வந்தவரை மறுத்துப் பேசக் கூச்சமாயிருந்தது, தலையாட்டிவிட்டேன்.

எதிர்வீட்டுப் பாலஸ்தீனர் யூசுப் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கதவில் அரபு எழுத்து. தூதரகம் அசையவே அசையாது என்று அவர் கையையும் அந்த மனிதர் குலுக்கிவிட்டுப் போனார்.

யூசுப் தன் கதவை அறைந்து சாத்தினார். நாளைக் காலை அவருடைய காரில்தான் வேலைக்குப் போகவேண்டும்.

மனைவிக்கு வேறு கவலை.

"உங்களுக்கு ஒண்டும் கேட்டு வாங்கத் தெரியாது. முருகனெண்டு சொல்லியிருந்தா, அந்த மனிசன் தூதரகத்தைக் கதிர்காமக் கோயிலடிக்கே மாத்தித் தந்திருக்கும்."