அப்பா அமைச்சரான செய்தி

லண்டன்,
1855 மார்ச் 19

அன்பு மகள் லவீனியாவுக்கு அம்மா எழுதுவது.

டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் இருமல் பரவாயில்லை.

உன் அப்பாவுக்கு அமைச்சர் பதவி கிடைத்துவிட்டது. பதவி ஏற்பவர் மறுபடியும் தேர்தலில் நிற்க வேண்டுமாம். அதனால் அவர் தொகுதியான மார்ஸ்டன்வெல்லுக்குப் போனோம். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

அக்டோபரில் அங்கே சுரங்கம் தீப்பிடித்ததைப் படித்திருப்பாய். மேலே ஏறிவர ஒரே வழிதான். அதுதான் எரிந்தது. உள்ளே செத்தது முப்பத்தொன்பது பேர்.

சுரங்கத்துக்குச் சுரங்கம் இரண்டாவது வழி வேண்டும் என்று பேசித்தான் எட்டு வருடத்துக்கு முன்னால் அப்பா ஜெயித்தார். ஓட்டில்லாத தொழிலாளிகள்கூட அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். போன மே மாதம் அந்தச் சட்டம் ஓட்டெடுப்புக்கு வந்தது. சுரங்க முதலாளிகளைப் பகைத்தால் பதவி கிடையாது என்று கட்சியில் சொல்லியிருந்தார்கள். அப்பா எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. சட்டத்தை ஆதரித்த நான்கு சபை நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, ஓட்டெடுப்பு நேரத்தில் சாப்பிடப் போய்விட்டார். சட்டம் மூன்று ஓட்டில் தோற்றது.

அப்பா ஜெயித்ததாக அறிவித்த அன்று எங்கள் வண்டியை ஒரு பெண் மறித்தாள். மார்த்தா ஆட்லி. புருஷனையும் தம்பியையும் அந்தத் தீயில் பறிகொடுத்தவள். "எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாக்கூட ஒரு ஆம்பளைன்னு நினைச்சு வைஞ்சிருப்பேன். எந்திரிச்சுச் சாப்பிடப் போயிட்டீங்களே ஐயா" என்றாள். அப்பா தொப்பியைக் கழற்றி, "நீ சொல்றது நியாயந்தாம்மா" என்றார். "உங்க நியாயத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்று கேட்டுவிட்டு வழியை விட்டு விலகிப் போனாள்.

வியாழக்கிழமை சபையில் அந்தத் தீயைப் பற்றிக் கேள்வி வந்தது. பெண்கள் உட்காரும் மாடத்தில், கம்பி வலைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். யாராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாத விபத்து என்று அப்பா தாளைப் பார்த்து வாசித்தார். குரல் நடுங்கவே இல்லை. எல்லோரும் ஆமோதித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "எப்படி இருந்துச்சு, ஹெஸ்டர்?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

வாழ்த்துக் கடிதங்கள் வந்து குவிகின்றன. ஒன்றையும் பிரிக்கவில்லை. உன் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் தினமும் புரட்டிப் பார்க்கிறார்.

அவருக்கு எழுது, மகளே. வாழ்த்தி எழுதாதே. எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி, நான் சொல்லாமல் விட்டதை நீயாவது சொல்லிவிடு. கர்த்தர் உன்னைக் காப்பாராக. எங்களுக்காகவும் வேண்டிக்கொள்.

உன் அம்மா,
ஹெஸ்டர்