டாக்டருக்குப் போன நெய்ச்சோறு

ஜார்ஜ் டவுன்
6 மே 2024

அன்புத் தங்கை மஹ்பூபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கிருந்து கெலுகோருக்குக் காரில் இருபது நிமிட ஓட்டம். இதற்குப் போய்க் கடிதம் எழுதுகிற பைத்தியக்காரி இந்தப் பினாங்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறென்ன செய்ய? பத்து நாளாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. வாசலுக்கு வந்தால் உன் மகள் ஃபாத்தின் கேட்டைத் திறக்காமலே, "உம்மா தூங்குறாங்க பெரியும்மா" என்கிறாள். மத்தியானம் மூன்று மணிக்கு என்னடி தூக்கம்?

அதனால் டிபன் கேரியரின் மேல்தட்டில் இந்தக் கடிதத்தையும் கீழ்த்தட்டில் மீனாணத்தையும் வைத்து உன் மச்சானிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் சாப்பாட்டுக் கடையில் புதிதாகச் சேர்ந்த பண்டாரி சமைத்தது. கை நல்ல கைதான், உப்பு மட்டும் கடலையே கொட்டியதுபோல் போடுகிறான். உன் மச்சான் ஸுல்கிஃப்லி அவனைத் திட்டாமல் வாடிக்கையாளருக்கு இன்னொரு கிளாஸ் தண்ணீர் வைக்கிறார். இப்படி ஒரு முதலாளி.

அன்று உன்னைக் கூட்டிப்போனபோது நம் குடும்ப டாக்டர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டுதானே படுத்துக்கிடக்கிறாய்? அவர் வாய் அப்படி. முப்பது வருடமாகப் பார்க்கிறோம். அடிக்கிற கைதான் அணைக்கும். நான் உனக்காக ஒரு காரியம் செய்திருக்கிறேன். பெருநாளுக்குப் பெருநாள் அவருக்கு அனுப்புகிற மாதிரியே வெள்ளிக்கிழமை ஒரு தாலம் நெய்ச்சோறும் தால்ச்சாவும் அனுப்பினேன். இந்த முறை, மஹ்பூபா கொடுத்தனுப்பினாள் என்று சொல்லச் சொன்னேன். இனி உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவார் பார்.

அவர் வேண்டாமென்ற அந்த மாத்திரையை விட்டுவிட்டாய் அல்லவா? உடம்பு லேசாக இருக்குமே. எழுந்து குளித்துவிட்டுக் கொஞ்சம் நட. உன் மாப்பிள்ளையும் மீரியில் கப்பல் வேலை என்று போய்விட்டார், தனியாக வீட்டுக்குள் கிடந்தால் யாருக்குத்தான் மனசு சரியாக இருக்கும்?

கேரியரைக் கழுவாமல் அனுப்பினாலும் பரவாயில்லை, வெறுமனே மட்டும் அனுப்பாதே. ஒரு வரி எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
லாத்தா ஷஹீதா


கெலுகோர்
10 மே 2024

அன்பு லாத்தா,

வ அலைக்குமுஸ்ஸலாம். மீனாணம் ருசிதான். உப்பைப் பற்றி நீ எழுதியதும் சரிதான். நான் இரண்டு வாய் சாப்பிட்டேன், மீதியை ஃபாத்தின் சாப்பிட்டாள்.

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். நாலு வரி எழுதினால் படுக்க வேண்டியிருக்கிறது. சோம்பல் என்று நினைக்காதே.

நெய்ச்சோறு அனுப்பினேன் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் சாப்பாடு இறங்கவில்லை. என் பெயரைச் சொல்லியா அனுப்பினாய்? என்னைக் குத்தியதற்கு நான் நன்றி சொன்ன மாதிரி ஆகிவிட்டதே.

அந்த அறையில் நடந்தது உனக்கு எப்படி நினைவிருக்கிறதோ. எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். எட்டு மாதமாகக் காலையில் எழ முடியவில்லை, பல் துலக்குவதே பெரும்பாடாக இருக்கிறது, செத்துப்போனால் நல்லது என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது என்று சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. டாக்டர் சிரித்தார். "எம்சி வேணும்னா நேரா கேளுலா. அதுக்கு எதுக்கு இவ்ளோ கதை?" என்றார். லீவுச் சீட்டுக்காகப் பொய் சொல்ல வந்தவளாகிவிட்டேன். கெலுகோர் க்ளினிக்கில் கொடுத்த மாத்திரையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பைத்தியத்துக்குக் குடுக்கறது. தூக்கிப் போடு" என்றார். பிறகு உன் பக்கம் திரும்பி, "சின்னதுல இருந்தே இப்படித்தானா?" என்று கேட்டார்.

நீ என்ன சொன்னாய் லாத்தா? "ஆமா டாக்டர், கடைக்குட்டி, கொஞ்சம் செல்லம்" என்றாய். நீயும் சிரித்தாய். டாக்டர் யாரோ ஒருவர். நீ யாரோ இல்லையே.

மாத்திரையை விட்டதில் லேசாக ஒன்றும் இல்லை. தலை சுற்றியது, நெஞ்சு படபடத்தது, சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். திங்கட்கிழமை ஃபாத்தின்தான் என்னைப் பிடித்து இழுத்துக் கெலுகோர் க்ளினிக்குக்குக் கூட்டிப் போனாள். பதினாறு வயதுப் பிள்ளை எனக்கு உம்மாவாகிவிட்டாள். மாத்திரையைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் டாக்டர் மேல் புகார் எழுதப் போகிறேன். அதற்கான ஃபாரத்தில் 'உடன் இருந்தவர்' என்று ஓர் இடம் இருக்கிறது. நீதான் உடன் இருந்தாய். நடந்ததை நடந்தபடி எழுதித் தருவாயா? எனக்குப் பிறகும் அந்த நாற்காலியில் ஒருத்தி உட்காருவாள். அவளைப் பார்த்து அவர் சிரிக்கக் கூடாது.

உன் செல்லம்தான்,
மஹ்பூபா


ஜார்ஜ் டவுன்
13 மே 2024

என் கண்ணே மஹ்பூபா,

கடையில் நின்றுகொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். செத்துப்போனால் என்று எழுதியிருந்த இடத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று நீ அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. அப்படித் தோன்றினால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. நெய்ச்சோற்றுக்கு என்னை நாலு திட்டு திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நம் வீட்டில் யார் முகம் கோணினாலும் சோற்றைக் கொண்டுபோய் வைத்துத்தான் சரிசெய்வோம். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஆனால் புகாரா? வாப்பா மூச்சு முட்டிக் கிடந்தபோது க்ளினிக்கில் இருந்த கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்த மனுஷர் அவர். வாப்பாவின் கண்ணை மூடிய கை அது. அவருக்கு எதிராக நான் எப்படியடி கையெழுத்துப் போடுவேன்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். வேறு டாக்டரைப் பார், நானே கூட்டிப்போகிறேன். பழசைக் கிளறாதே. என்னைத் தர்மசங்கடத்தில் மாட்டாதே, தங்கம்.

கோழி பொரித்து வைத்திருக்கிறேன். சாப்பிடு.

லாத்தா


கெலுகோர்
15 மே 2024

லாத்தா,

சரி. நீ எழுதித் தர வேண்டாம். நான் தனியாகவே அனுப்பிக்கொள்கிறேன்.

"உப்பிட்டது நாமதானே உம்மா, தாலம் தாலமா?" என்று ஃபாத்தின் கேட்டாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கொஞ்ச நாள் சோறு அனுப்பாதே. மச்சான் வாசலில் கேரியரை மாட்டிவிட்டு, நான் எட்டிப் பார்ப்பேனா என்று நின்று இருமுகிறார். ஜன்னலுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அவருக்கு என் சலாம் சொல்.

மஹ்பூபா


ஜார்ஜ் டவுன்
27 மே 2024

அன்பு மஹ்பூபாவுக்கு,

நீ சொன்னபடி பன்னிரண்டு நாள் சோறு அனுப்பவில்லை. தினமும் உனக்கென்று ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டு, பிறகு நானே தின்று இரண்டு கிலோ ஏறிவிட்டேன். அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும். இன்றும் சோறு இல்லை, கடிதம் மட்டும்தான்.

சனிக்கிழமை என் பிரஷர் மாத்திரைக்காக நம் டாக்டரின் க்ளினிக்குக்குப் போனேன். ஆறேழு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க! நெய்ச்சோறு பிரமாதம்! தங்கச்சிக்கு எம்சி கிடைச்சுதா?" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிச் சிரித்தார். மருந்து கொடுக்கும் பெண்ணும் சிரித்தாள். என் வாயும் சிரிப்பதற்குக் கோணத் தொடங்கியது மஹ்பூபா. பெரிய மனுஷர் சிரித்தால் கூடச் சிரித்தே பழகிய வாய். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சி சாகணும்னு தோணுதுன்னு சொன்னா டாக்டர். நீங்க கேக்கல" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. மாத்திரை வாங்காமலே வந்துவிட்டேன்.

நினைவே இல்லை என்று உனக்கு எழுதினேனே, நினைவிருந்தது. நீ சொன்னபோது என் காதில் நன்றாக விழுந்தது. பயந்துவிட்டேன். டாக்டர் சிரித்ததும், அப்பாடா, ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று அந்தச் சிரிப்போடு ஒட்டிக்கொண்டேன். உன்னைவிட என் நிம்மதி எனக்குப் பெரிதாகிவிட்டது.

நீ ஒருவேளை அனுப்பிவிட்டிருக்கலாம். அனுப்பாவிட்டால் இதையும் சேர்த்துக்கொள். மலாயில் எழுத வேண்டுமென்றால் ஃபாத்தினை எழுதச் சொல், ஒரு வார்த்தையும் குறைக்காமல்.

'ஷஹீதா ஆகிய நான் ஏப்ரல் 24ஆம் தேதி என் தங்கை மஹ்பூபாவுடன் அந்த அறையில் இருந்தேன். செத்துப்போனால் நல்லது என்று தோன்றுவதாக அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் சிரித்தார். விடுப்புச் சீட்டுக்காகக் கதை சொல்கிறாள் என்றார். மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னார். சிறு வயது முதலே இப்படித்தானா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். அது பொய். என் தங்கை சிறு வயதில் எங்கள் வீட்டிலேயே முதலில் எழுந்து எல்லாரையும் எழுப்புகிறவள். இந்த டாக்டர் எங்கள் தகப்பனாருக்குச் செய்த நன்மை பெரிது. அதுவும் உண்மை, இதுவும் உண்மை.'

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் மச்சான் படித்துவிட்டு என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

என்னை மன்னிப்பாயா?

லாத்தா


கெலுகோர்
29 மே 2024

அன்பு லாத்தா,

நீ எழுதியதை ஃபாத்தின் சத்தமாகப் படித்தாள். 'அது பொய்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். இத்தனை மாதமாக எனக்கு அழக்கூட வரவில்லை, தெரியுமா?

ஃபாரத்தை நான் அனுப்பியிருக்கவில்லை. பூர்த்தி செய்து மேசை மேல் வைத்துவிட்டு, எடுக்கத் தெம்பில்லாமல் கிடந்தேன். இன்று உன் கடிதத்தோடு சேர்த்துப் போய்விட்டது. என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

நான் நல்லாகிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்படாதே. இன்று எழுந்தது பதினோரு மணிக்கு. பல் துலக்கினேன், குளிக்கவில்லை. நேற்றைக்குப் பார்த்தால் இது பரவாயில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் அந்தப் புது டாக்டரைப் பார்க்க வேண்டும். ஃபாத்தினுக்குப் பள்ளிக்கூடம். நீ வருகிறாயா? உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார். டாக்டர் என்னைக் கேட்பார். எனக்கு உடனே பேச்சு வராது, ரொம்ப நேரம் ஆகும். உனக்குப் பொறுக்காது, எனக்குப் பதிலாகச் சொல்ல வாய் துறுதுறுக்கும். சொல்லாதே லாத்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திரு. எவ்வளவு நேரமானாலும் நானே சொல்லிவிடுவேன்.

மஹ்பூபா