அக்காவின் வலது தோள்

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக எங்கள் அப்பாவிடம்.

அக்கா, பாயை விரித்தபோது அடியிலிருந்து காக்கித்தாள் வாசம் வந்தது. மெஷின் எண்ணெயும் சாக்பீஸும் கலந்த, உன் கம்பெனி வாசம். உன் துணிகளை அப்பா எரித்துவிட்டார். நீ வரைந்த தாள்களையும் காலையில் எரிக்கப்போகிறார். கட்டி வாசலில் வைத்தாயிற்று. "செத்தவ கைபட்டது ஊட்டுல இருந்தா அவ போகமாட்டா" என்கிறார். ஒன்றை மட்டும் நான் ஒளித்துவிட்டேன். தெரிந்தால் என்ன செய்வாரோ.

நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனியில், துணி வெட்டுவதற்கான அளவுத்தாளை நீ வெட்டிக் கொடுத்தாய். வேலையை விட்டுப் போகிறவர்களை மிச்சத் தாளில் படுக்கவைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுப்பாய். கண், மூக்கு எதுவும் வரையமாட்டாய். செக்கிங் சரசக்கா படுத்துக்கொண்டே, "ஏனம்மிணி, எனக்கு ஒரு ரோலு தாளு பத்துமா?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஏன் போட்டோ எடுக்கக்கூடாது என்று கேட்டேன். "போட்டோல மூஞ்சிதான் வரும் கண்ணு. எத்தனை இடத்த அடைச்சுட்டு இருந்தாங்கன்னு வருமா?" என்றாய்.

உன்னை ஒரே ஒருமுறை நான் வரைந்தேன். அளவுத்தாள் வெட்டுவதைப் பார்த்த பழக்கத்தில், தாளை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் நடுமுதுகு வரும்படி உன்னைப் படுக்கவைத்தேன். வலது பாதி வெறும் தரையில் கிடந்தது. இடது பக்கம் மட்டும் கோடு இழுத்தேன்.

நீ எழுந்து பார்த்தாய். "அடி லூசு, நானென்ன பனியனா? ரெண்டு பக்கமும் ஒண்ணாவா இருக்கேன்?"

மறுபாதியை அடுத்த ஞாயிறு வரையலாம் என்றோம். சனிக்கிழமை காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பவில்லை.

இப்போது தாளை விரித்து வைத்திருக்கிறேன். மடித்து நகல் எடுத்தால் மறுபாதி வந்துவிடும். ஆனால் அது நீ இல்லை. பண்டல் தூக்கித் தூக்கி உன் வலது தோள் இறங்கியிருக்கும். துப்பட்டா அந்தப் பக்கமாகவே வழுக்கும். பஸ் முழுக்க இழுத்து விட்டுக்கொண்டே வருவாய். எவ்வளவு இறக்கம்? மூன்று விரல் வைத்துப் பார்த்தேன், அதிகம். இரண்டு வைத்தேன். அந்தத் தோளில் தூங்கிய என் கன்னத்துக்கு அது சரியாக இருந்தது. கழுத்திலிருந்து அங்கே வரை கோடு இழுத்துவிட்டேன். தாள் போனாலும் இந்த அளவு இனி எனக்கு மறக்காது.

அடுத்து கை. உன் முழங்கை உடம்போடு ஒட்டியிருக்குமா, கொஞ்சம் தள்ளி

கதவு தட்டும் சத்தம். அப்பா.

"கண்ணு, தூங்கலியா? எல்லாத்தையும் எண்ணிப் பாத்துட்டேன். அக்காளுது ஒண்ணு இருந்துச்சே, அது எங்க சாமி?"