பூத்துணியில் ஒரு தலைப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், அதையும் சேர்த்து நீ அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் படங்களை ஒட்டி ஆல்பம் செய்கிறேன் என்றேனே கண்ணு, அது முடியப்போகிறது. மத்தியானம் அப்பாவின் தையல் மிஷின் ஓய்ந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன், ஃபேனைப் போட்டால் தலைப்புக்கு வெட்டிய எழுத்தெல்லாம் பறக்கும், போடாவிட்டால் கண் சொக்கும், அந்த அரைத் தூக்கத்தில் மேஜையெங்கும் நீ ஒவ்வொரு வயதாகக் கிடப்பாய், இது எந்த வருஷம் என்பதே எனக்கு மறந்துபோகும். முதலில் ஆசை ஆசையாக எல்லாப் பக்கத்திலும் பட்டை எழுத்தாக எழுதித் தள்ளினேன். அப்பா உன் தொட்டில் படத்தை எட்டிப் பார்த்து, "பாப்பா தூங்குது, நீ என்னடான்னா கடை போர்டு மாதிரி மேல நின்னு கத்துறியே" என்றார். எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது சரிதான். அந்தப் படத்துக்குப் பென்சிலால் மெல்லிசாக எழுதினேன். நீ பல் விழுந்து சிரிக்கிற படத்துக்குப் பழைய பத்திரிகையிலிருந்து கோணல்மாணல் எழுத்துகளாகப் பொறுக்கி ஒட்டினேன், அந்தச் சிரிப்புக்கு அதுதான் பொருத்தம். ஒரு பக்கத்துக்கு இரண்டு தினுசு எழுத்துக்கு மேல் ஆகாது, மூன்றாவது வந்தால் அடிதடிதான். ஒருநாள் முழங்கையில் ஒரு 'அ' ஒட்டியிருப்பது தெரியாமல் காய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கடைசிப் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். நீ பெட்டியோடு வாசலில் நிற்கிற படம். தையல் கடையை நீ பார்த்துக்கொள்வாய் என்று அப்பா நம்பியிருந்தார், நீ வேறு வேலைக்குக் கிளம்பினாய், பயணத்துக்கென்று அவர் தைத்து வைத்த நீலப் பூ கவுனை எடுக்காமலே வண்டி ஏறினாய். மூன்று வருஷமாக உன் போன் வரும்போதெல்லாம் அவருக்கு ஊசியில் நூல் கோக்கிற வேலை வந்துவிடுகிறது. அந்தப் படத்துக்கு எந்த எழுத்தும் ஒட்டவில்லை, மேலே இடம் விட்டு வைத்திருந்தேன்.

நேற்று மேஜையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் நீலப் பூத்துணி. உன் கவுனில் மீந்த துண்டை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரே துண்டாக வெட்டி, பூ வெளியே தெரிய ஒட்டியிருக்கிறார், ஆனால் என்ன எழுத்தென்றே எனக்குப் புரியவில்லை. தையல்காரர் அல்லவா, பழக்கதோஷத்தில் துணியின் உட்புறம் சாக்குக்கட்டியால் வரைந்து வெட்டியிருக்கிறார், திருப்பி ஒட்டியதும் எல்லாம் இடம் வலமாகிவிட்டது. நான் சிரித்ததும் முகம் சிவந்துபோய், "பிச்சு எறி அதை" என்றார். கை வைத்தால் தெரியும் என்று சொல்லிவிட்டேன். பிறகு அளவு பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் பக்கத்தைப் பிடித்துப் பார்த்து அழுதேன்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நில். 'என் மகள்' என்று படிக்க வரும், மேலே உன் முகமும் தெரியும்.

தலைக்கு எண்ணெய் வை, பட்டினி கிடக்காதே, நூறு வயது நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மறக்காமல் போன் செய். போனை அப்பாவின் மிஷின் பக்கத்திலேயே வைத்திருப்பேன், இந்த முறை நான் எடுக்க மாட்டேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா