சொதிக்குப் புளி காணாது

உடுவில்
1993 ஆவணி

அன்பு மகள் இராசமலருக்கு,

மாவிட்டபுரத்தான் கோயில் வாசலுக்கு இப்போது போக வழியில்லை. அதனால் இருக்கிற இடத்திலிருந்தே அவனைக் கும்பிட்டு, நீயும் மருமகனும் சின்னவனும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று அப்பு சொல்ல நாகேஸ்வரி அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, மற்றப்படி இருக்கிறோம். உன் கடிதம் கிளாலிக் கடல்வழியால் வந்த ஒருவர் கையில் கிடைத்தது. மருமகனின் வேலையிடத்துப் பெரியவரும் மனைவியும் மச்சம் மாமிசம் தொடாதவர்கள், அவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம், மாசிக் கருவாடு போடாமல் சம்பல் எப்படி ருசிக்கும் என்று கேட்டிருந்தாய். மயிலிட்டிக் கடற்கரையில் பிறந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்கும் என்று அக்கா சிரிக்கிறாள். சின்னவன் பிறந்த முப்பத்தொன்றுக்கு நாங்கள் இங்கே வைத்த சைவச் சாப்பாட்டைச் சொல்கிறேன், உனக்கு வேண்டியது அதற்குள் இருக்கிறது.

நாங்கள் இடம்பெயர்ந்து வந்து குந்தியிருக்கும் இந்த வளவு நமசிவாயத்தாருடையது என்று உனக்குத் தெரியும். நல்ல மனிதர். வந்த அன்றே கொட்டில் போட இடம் காட்டி, கிணற்றிலும் அள்ளச் சொன்னவர். ஆனால் மூன்று வருஷத்தில் அவரோ மனைவி பராசக்தியோ எங்கள் வீட்டில் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்ததில்லை. எப்போது கேட்டாலும் அவர், இப்பதான் குடிச்சிட்டு வாறன் என்பார். அவ, இண்டைக்கு விரதம் என்பா. சந்தையில் மீன் வாங்கினால் செதிள் தட்டி வெட்டித்தர என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் வெட்டிய மீன் அவர்கள் சட்டியில் வேகும், எங்கள் சட்டியில் வெந்தது மட்டும் அவர்கள் வாய்க்குப் போகாது. கோபம் என்று சொல்லமாட்டேன் மகள், தொண்டையில் முள் நின்ற மாதிரி. பேரன் பிறந்த பேரிலாவது அவர்கள் இரண்டு பேரும் எங்கள் கையால் ஒரு பிடி சாப்பிடவேண்டும் என்று எனக்கு ஒரே நினைப்பு. அக்கா சொன்னாள், அப்பு, அவை வரமாட்டினம், ஏன் வீணாக் கேட்டுச் சிறுமைப்படுவான் என்று. நான் விடவில்லை. சாட்டுச் சொல்ல இடம் வைத்தால்தானே சொல்வார்கள். விரதம் என்று சொல்ல முடியாமல், முப்பத்தொன்று கழிந்து வந்த வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, விரதகாரரும் சாப்பிடுகிற சைவமாகவே வைத்தேன். சட்டியில் மீன் வெடுக்கு மணக்குது என்று சொல்ல முடியாமல் சுன்னாகத்தில் புதுச் சட்டி பானை வாங்கினேன், அம்மியைத் தவிடும் சாம்பலும் போட்டு அக்கா கை நோகத் தேய்த்தாள். கத்தரிக்காயும் பூசணியும் அவர்கள் தோட்டத்தில் காசு கொடுத்து வாங்கினது, தண்ணீர் அவர்கள் கிணறு, வாழையிலை அவர்கள் வாழை. கை மட்டுந்தான் எங்களுடையது.

வள்ளத்தில் ஆட்டத்துக்கு நடுவே சமைத்த எனக்கு நிலத்தில் சமைப்பது பெரிய வேலையா. பூசணிக்காயைப் பாற்கறியாக வைத்தேன். கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு, கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தேன். உனக்கு அங்கே தணல் ஏது, மின்சார அடுப்பிலே தோல் கருகும்வரை வாட்டு, அந்தக் கருகல் மணந்தான் அதற்கு ருசி. சம்பலுக்குச் செத்தல் மிளகாயை வறுத்து இடித்து, மாசி போடுகிற இடத்தில் இஞ்சி வைத்து, துருவின தேங்காய்ப்பூவோடு அரைத்துப் பழப்புளி கொஞ்சம் சேர். மாசியை ஒருவரும் தேடமாட்டார்கள். சொதிக்கு இரண்டாம் பாலில் வெங்காயமும் வெந்தயமும் அவியவிட்டுப் பிறகு தலைப்பால் விடு, நுரைத்து வரும்போது இறக்கு. புளிக்குத் தேசிக்காயை அடுப்பில் இருக்கும்போது பிழிந்தாயோ பால் திரைந்து போகும், இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான். சீனி இல்லாதபடியால் பாயாசத்துக்குப் பனங்கட்டி. அங்கே தகரப் பேணியில் வரும் தேங்காய்ப்பால் தடிப்பு என்று எழுதியிருந்தாய், பாதிக்குப் பாதி தண்ணீர் விடு.

நமசிவாயத்தார் வந்தார். பாயில் இருந்து சாப்பிட்டார், சொதிக்கு இரண்டாந்தரம் கையேந்தினார். கந்தப்பர், உந்தச் சொதி ஆர் வைச்சது என்று கேட்டார். கடலிலை வைச்ச கைதான் என்றேன், தலையாட்டிக்கொண்டு குடித்தார். பராசக்தி வரவில்லை. அவவுக்குத் தலையிடி என்றார். தலையிடியை நான் நினைத்துப் பார்க்கவில்லை பார். அக்காவின் முகம் கறுத்துவிட்டது. புதுச் சட்டி ஒன்றில் சொதியும் இலையில் சம்பலும் எடுத்துக்கொண்டு வேலிப்பொட்டால் நுழைந்து போய் அவவிடம் கொடுத்தேன். உதிலை வைச்சிட்டுப் போங்கோ என்றா, முகம் பார்க்கவில்லை. பின்னேரம் அக்கா, அவை மாட்டுத் தொட்டிக்குள்ளை ஊத்திப்போட்டினமோ எண்டு எட்டிப் பார்க்கட்டோ என்று கேட்டாள். வேண்டாம் பிள்ளை, கொடுத்தது கொடுத்ததுதான் என்றேன். ஆனால் எனக்கும் மனம் அந்தத் தொட்டியிலேதான் நின்றது.

அடுத்தநாட் காலமை பராசக்தி தானே பொட்டால் வந்து நின்றா. கையில் எங்கள் சட்டி, கழுவி மினுக்கி, உள்ளே அவர்கள் மரத்துத் தேசிக்காய் ஒரு கை நிறைய. கந்தப்பண்ணை, சொதிக்குப் புளி காணாது, அடுத்தமுறை இன்னும் ஒண்டு பிழிஞ்சு விடுங்கோ என்றா. தேத்தண்ணி போடட்டோ என்று அக்கா கேட்க, இப்பதான் குடிச்சனான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அப்பு இவ்வளவு பாடுபட்டு வைத்ததைக் குறை சொல்லிவிட்டுப் போறாவே என்று அக்காவுக்குச் சரியான கோபம். விசரி, மாடு வந்து புளி காணாது எண்டு சொல்லுமோ என்று கேட்டேன். விளங்கினதும் அவளும் சிரித்தாள்.

அதனால் உன் விருந்தாளிகள் ஏதும் குறை சொன்னால் முகத்தைத் தூக்காதே, சாப்பிட்டவர்தான் குறை சொல்லுவார். சின்னவனுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளிர்த்தண்ணி வார்க்காதே. அவனுடைய படம் ஒன்று மறக்காமல் அனுப்பு, நமசிவாயத்தார் வீட்டிலும் கேட்டவை. மாவிட்டபுரத்தான் துணை, நீங்கள் மூன்று பேரும் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
உன் அப்பு
வ. கந்தப்பு
(கீழே இருப்பது அப்புவின் பெருவிரல் அடையாளம். அந்தச் சிவப்பு இன்றைக்குச் சம்பல் அரைத்தது, மையல்ல. அக்கா.)