சுண்டுவிரல் இல்லாதவர்

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் குறைந்ததா? நீ வேண்டாம் என்று சொல்லியும் துறைமுக ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். கோபித்துக்கொள்ளாதே. எனக்கு ஐந்து வயதில் கப்பலேறிப் போய்த் திரும்பாத அப்பாவை ஒரு தாளிலாவது பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

கப்பல் பதிவேட்டில் அப்பா பெயர் இருந்தது. "உங்கப்பா அந்தக் கரையில பத்திரமா இறங்கியிருக்காரு. இப்பவாவது நிம்மதியா தூங்குவீங்களா வாத்தியாரே?" என்று எழுத்தர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு, அக்கரையிலிருந்து வந்திருந்த, இறங்கியவரின் அடையாளப் படிவத்தின் நகலை நீட்டினார். இடது கையில் சுண்டுவிரல் இல்லை என்றிருந்தது.

அப்பாவுக்குப் பத்து விரலும் உண்டு. என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்த கைகள் அவை. மர அறுவை ஆலையில் சுண்டுவிரலை இழந்தவர் சித்தப்பா.

வகுப்புக்கு வராத பையனுக்காகப் பக்கத்தில் இருப்பவன் 'உள்ளேன் ஐயா' என்பான். குரலை வைத்தே பிடித்துவிடுவேன். பிடித்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: அப்படியானால் வராதவன் எங்கே?

அப்பா கப்பலேறிய அதே வாரம் சித்தப்பா தொற்றுக் காய்ச்சலில் இறந்தார் என்று நீயும் அம்மாவும் சொன்னீர்கள். பெட்டியைத் திறக்கவே விடவில்லை. அறுபது வருடமாக அந்தக் கல்லறையில் பூ வைக்கிறோம். அங்கே அம்மா ஒருமுறைகூடச் சித்தப்பா பெயரைச் சொன்னதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

படிவத்தின் கடைசி வரியில், ஊரில் தகவல் சொல்ல வேண்டிய உறவினர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது, அக்கா. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது.

உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூவோடு வருகிறேன். அந்தக் கல்லறை முன்னால் நின்று யாரென்று கூப்பிடுவது, அதை மட்டும் சொல்.

உன் தம்பி